முப்பத்தோரு ‘ம்’

ஜனவரி 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் இருமல் விட்டதா, இல்லை இன்னும் கூடவே குடியிருக்கிறதா என்று எழுது.

இத்துடன் என் ஏழாவது கதை. ‘பிரபுவின் நான்காவது சாவி’. பதினொரு பக்கம். வருஷம் பிறந்ததும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நாளெல்லாம் லிப்ட் பழுதுபார்த்துவிட்டு வருகிறவன் எழுத்தாளன் ஆகக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு எழுத உட்காருகிறேன். அதற்கென்று சாய்வு மேஜை வாங்கியாயிற்று. மூன்று நிறத்தில் பேனாவும் இருக்கிறது.

உங்கள் பதிப்பகம் வருஷா வருஷம் புதியவர்களின் கதைகளைத் தொகுத்துப் போடுகிறதே, அதற்கு ஜூலை முடிய அனுப்பலாமாம். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. என் பெயர் இதுவரை அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். ஒரே ஒரு கதை வந்துவிட்டால் போதும், மாப்பிள்ளை. நீ அங்கே பிழை திருத்துகிறவன், நல்லது கெட்டது தெரிந்தவன். படித்துவிட்டுச் சொல்.

உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். சலவைக்கூடத்து வேலை முடிந்து களைத்துப்போய் வந்தவள், ஓரிடத்திலும் அலுக்காமல் ‘ம்’ கொட்டினாள். எதிரே உட்கார்ந்து ‘ம்’ கொட்ட ஒரு ஆள் இருந்தாலே பாதி எழுத்தாளன் ஆகிவிட்ட மாதிரி.

இப்படிக்கு,
உன் அத்தான்


ஜனவரி 21

அன்புள்ள அத்தானுக்கு,

இருமல் இருக்கிறது. உங்கள் கதையைப் படித்த அன்று கொஞ்சம் கூடுதல். நீங்களும் அக்காவும் நலமாக இருப்பது சந்தோஷம்.

கேட்டீர்கள், சொல்கிறேன். பதினொரு பக்கத்தில் ‘திடீரென்று’ பத்தொன்பது தடவை வருகிறது. பிரபு திடீரென்று வருகிறார், திடீரென்று சுடப்படுகிறார், அவர் மனைவி திடீரென்று பேசுவதை நிறுத்திவிடுகிறாள். எந்த மனுஷியும் திடீரென்று பேச்சை நிறுத்துவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிறுத்துவாள். அதைப் பார்க்காமல் விட்டவனுக்குத்தான் அது ‘திடீரென்று’.

அப்புறம், நீங்கள் எந்த ஊரில் எந்தப் பிரபுவைப் பார்த்தீர்கள்? லிப்டில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் கதவு திறக்கும்வரை என்ன பேசிக்கொள்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, எங்கள் முதலாளிக்கும் தெரியாது. அதை விட்டுவிட்டு மாளிகையைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். சுருக்குங்கள். தெரிந்ததை எழுதுங்கள்.

‘ம்’ என்பது பாராட்டு இல்லை, அத்தான். நம்பர் தப்பு என்று சொல்லாமல் போனை வைக்கிறவன்கூட ஒரு ‘ம்’ போடுவான். போன் என்றதும் நினைவு வருகிறது. மூன்று தடவை கூப்பிட்டேன். அக்காவிடம் கொடுங்கள் என்றால் ‘அவளுக்குக் கை ஈரமா இருக்காம்’ என்கிறீர்கள். மூன்று தடவையுமா ஈரம்? என்மேல் ஏதாவது வருத்தமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்


பிப்ரவரி 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் நோட்டைத் தொடவில்லை, பிறகு மனதைத் தேற்றிக்கொண்டேன். தங்கத்தை உருக்கினால்தானே நகை.

கதையைத் திருத்திவிட்டேன். ‘திடீரென்று’ ஒன்றுகூடக் கிடையாது. எல்லா இடத்திலும் ‘சட்டென்று’ என்று மாற்றியாயிற்று. சுருக்கச் சொன்னாய். சுருக்க உட்கார்ந்தபோது பிரபுவின் தம்பி ஒருவன் கிடைத்தான், அதனால் முப்பத்தோரு பக்கம் ஆகிவிட்டது.

தினமும் எழுத முடியவில்லை. சாய்வு மேஜையில் பேனா உருண்டு விழுகிறது. நேர் மேஜைக்கு மாறினால் ஜன்னல் வெயில் கண்ணில் குத்துகிறது. திரை வாங்கலாம் என்று இருக்கிறேன்.

‘ம்’மைப் பற்றி நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டுமென்றே இந்த முறை ஒரு காரியம் செய்தேன். உன் அக்கா ‘ம்’ போட்ட ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் பச்சைப் பேனாவால் டிக் அடித்திருக்கிறேன். எண்ணிப் பார். முப்பத்தொன்று. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

உன்மேல் வருத்தமா என்று அவளிடம் கேட்டேன். முதுகைத் திருப்பியபடி அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இப்படிக்கு,
அத்தான்


பிப்ரவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். அங்கும் நலமாக இருக்க வேண்டும். பொறுமை மட்டும் என்னிடம் தீர்ந்துவிட்டது.

டிக்குகளை எண்ணினேன். அது என் தொழில். முப்பத்தொன்றும் பக்கத்தின் கடைசி வரியில் இருக்கின்றன. பக்கத்துக்கு ஒன்று. பிரபு செத்தாலும் ‘ம்’, தம்பி டீ குடித்தாலும் ‘ம்’. நீங்கள் பக்கம் திருப்புவதைப் பார்த்து அக்கா ‘ம்’ போடுகிறாள். அக்கா உங்கள் கதையைக் கேட்கவே இல்லை, அத்தான். இது உங்களுக்குக் கசக்கும், ஆனால் பிழை திருத்துகிறவன் பொய் சொல்லக்கூடாது.

‘திடீரென்று’ வேண்டாம் என்றால் ‘சட்டென்று’. பேனா உருள்கிறது, வெயில் குத்துகிறது. ஆடத் தெரியாதவளுக்குத்தான் கூடம் கோணலாக இருக்கும். உங்களுக்குச் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்காகத்தான் இருக்கிறது. ஆனாலும் கடைசியாக ஒன்று சொல்கிறேன்.

ஒரு மாதத்துக்குக் கதை வேண்டாம். மேஜையும் வேண்டாம், திரையும் வேண்டாம். தினமும் பத்து வரி. வீட்டில் இருக்கிற ஒரு ஆளைப் பற்றி. நீங்கள் இருப்பதே இரண்டு பேர், அதனால் அக்காவைப் பற்றி. கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். ஏன் செய்தாள் என்று எழுதக்கூடாது. ‘கோபமாக’, ‘சோகமாக’ எதுவும் கூடாது. லிப்ட் நின்றுபோனால் முதலில் என்ன செய்வீர்கள்? சத்தம் எங்கே வருகிறது என்று பார்ப்பீர்களா, இல்லை லிப்டுக்கு மனசு சரியில்லை என்று எழுதுவீர்களா?

மாதம் முடிந்ததும் அனுப்புங்கள்.

அன்புடன்,
மைத்துனன்


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உன் அக்காவும் நலம்.

எழுதுவதை நிறுத்திவிட்டேன். சாய்வு மேஜையைக் கீழ் வீட்டுக்காரர் கேட்டார், கொடுத்துவிட்டேன். தொகுப்புக்கு எதுவும் அனுப்பப்போவதில்லை. உன் நேரத்தை வீணடித்ததற்கு மன்னித்துக்கொள்.

இங்கே வேலை அதிகம்.

இப்படிக்கு,
அத்தான்


ஏப்ரல் 9

அன்புள்ள அத்தானுக்கு,

வழக்கமான விசாரிப்புகளை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஆறு வாரம் கழித்து ஆறே வரி எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தோரு பக்கம் எழுதுகிறவர் ஆறு வரி எழுதினால் நான் என்ன நினைப்பது?

நான் எழுதியது சுட்டுவிட்டது என்றால் என்னை நாலு வார்த்தை திட்டி எழுதுங்கள். வாங்கிக்கொள்கிறேன். எழுதவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்களை எழுத்தாளனாக்கிப் பார்க்க வேண்டும் என்ற பைத்தியம் இல்லாவிட்டால் பச்சை டிக்கை எல்லாம் உட்கார்ந்து எண்ணுவேனா?

‘உன் அக்காவும் நலம்’ என்ற வரியின் கீழே சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சந்தேகமான இடத்தில் அப்படித்தான் போடுவேன். போன வாரமும் போன் செய்தேன். மறுபடியும் கை ஈரம். மார்ச் மாதத்துப் பக்கங்கள் எங்கே? எழுதினீர்களா, இல்லையா? எழுதியிருந்தால் அப்படியே அனுப்புங்கள். திருத்த வேண்டாம்.

அன்புடன்,
மைத்துனன்


ஏப்ரல் 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எனக்கு உடம்பு நலம். மற்றது நலமில்லை.

பக்கங்கள் எழுதினேன். ஒரு நாள் விடாமல் எழுதினேன். அதுதான் வினையாகிவிட்டது. சும்மா இருந்த என்னைப் பார்க்கச் சொன்னாய், பார்த்தேன். உன் அக்கா என்னை வெறுத்துவிட்டாள், மாப்பிள்ளை. இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு இதை நோட்டில் எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவள் ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு உன் வீட்டு வாசலில் வந்து நிற்பாளோ என்று பயமாக இருக்கிறது. நின்றால், எனக்கு ஒரு வரி எழுது.

சில நாட்களை மட்டும் பிரதி எடுத்து அனுப்புகிறேன்.

மார்ச் 2. வாசல் மணி மூன்று முறை அடித்தது. ஹாலில்தான் இருந்தாள். தலையணை உறை மடித்துக்கொண்டே இருந்தாள். நான் போய்த் திறந்தேன். கோபம்.

மார்ச் 5. ‘நாளைக்கு உனக்கு ஷிப்ட் எப்போ?’ என்று கேட்டேன். ‘உப்பு தீந்துபோச்சு’ என்றாள். குத்தல். கோபம்.

மார்ச் 9. சாப்பாட்டு மேஜையில் இத்தனை வருஷம் என் பக்கத்தில் உட்காருவாள். இப்போது எதிரே உட்காருகிறாள். நான் பேசினால் என் வாயையே பார்க்கிறாள். பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கோபம்.

மார்ச் 14. கடைக்குப் போனோம். நான் எந்தப் பக்கம் நடந்தாலும் சுற்றிவந்து என் இடது பக்கம் சேர்ந்துகொண்டாள். பாலத்துக்கு அடியில் வண்டிச் சத்தத்தில் ஒன்று சொன்னேன். சிரித்துவிட்டுத் தலையாட்டினாள். ‘இன்னைக்கு டாக்டர்கிட்ட போயிட்டு வரேன், வயித்து வலி’ என்று சொல்லியிருந்தேன். அதற்குச் சிரிப்பு. கோபம்.

மார்ச் 20. டிவியை அலறவிட்டிருந்தாள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். அணைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். கோபம்.

மார்ச் 27. மனசு கேட்காமல் பழைய கதையை எடுத்து வாசித்துக் காட்டினேன். எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாததால் எப்போதும்போல நோட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். நடுவில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டுவிட்டது. செத்துப்போன பிரபு எழுந்து உட்கார்ந்து டீ கேட்டுவிட்டார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நோட்டை இறக்கி அவளைப் பார்த்தேன். ‘ம்’ என்றாள்.

இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அன்றோடு நோட்டை மூடிவிட்டேன்.

இப்படிக்கு,
அத்தான்


ஏப்ரல் 27

அத்தான்,

இதைக் கைக்குக் கிடைத்த உடனே படியுங்கள். போனில் சொல்லலாம்தான். ஆனால் அக்கா பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் ‘என்ன? என்ன?’ என்று கத்துவீர்கள்.

உங்கள் பக்கங்களை மூன்று தடவை படித்தேன். ‘கோபம்’ என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், எழுதாதீர்கள் என்று சொல்லியும். ஐந்தையும் சிவப்பில் அடித்து உங்கள் பக்கங்களையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். மிச்சம் இருப்பதைப் படியுங்கள். மணி. உப்பு. உங்கள் வாய். இடது பக்கம். டிவி. போனும் ஈரக் கையும் என் கணக்கு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சலவைக்கூடத்தில் ஒரு நாள் பத்து நிமிஷம் நின்றிருக்கிறேன். மெஷின் சத்தத்தில் அன்று முழுக்க எனக்குக் காது அடைத்திருந்தது. அக்கா இருபத்திரண்டு வருஷம் நின்றிருக்கிறாள்.

அவள் அடுப்படியில் திரும்பி நிற்கும்போது, அவள் பார்க்காமல், பின்னால் நாலடி தள்ளி நின்று மெதுவாகக் கூப்பிடுங்கள். தொடாதீர்கள். தரையை அதிர வைக்காதீர்கள்.

‘அக்கா உங்கள் கதையைக் கேட்கவே இல்லை’ என்று பிப்ரவரியில் எழுதினேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். எழுதியதை நானே படிக்கவில்லை. ஊரார் எழுத்தில் ஒரு துணைக்கால் விட்டுப்போனதைக்கூடப் பிடிக்கிறவன் நான். அதே கடிதத்தில் ஒரு சங்கையும் ஊதித் தொலைத்திருக்கிறேன். அந்த வரி அக்கா கண்ணில் படாமல் இருந்திருக்க வேண்டும்.

மைத்துனன்


மே 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இருவரும் நலம். இந்த முறை சும்மா எழுதவில்லை, பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி நின்றேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நறுக்கினாள். கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். நறுக்கினாள். மூன்றாவது தடவை கூப்பிட வாயைத் திறந்தேன். அவள் எதற்கோ திரும்பினாள், என் முகத்தைப் பார்த்தாள், கத்தியைக் கீழே வைத்தாள். ‘கண்டுபிடிச்சிட்டீங்களா?’ என்றாள்.

மறுநாள் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். இடது காது கிட்டத்தட்ட இல்லை. வலது காது பாதி. இரண்டு வருஷமாகவாம். டாக்டர் அதைக் கேட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒன்பதாவது மாடியில் பேரிங் தேய்ந்தால் கீழே நின்று காதாலேயே சொல்லிவிடுகிறவன் நான். எனக்குச் சொந்த வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை.

வரும் வழியில் கேட்டேன். அவள் வலது பக்கம் நடந்து, முகத்தைத் திருப்பி, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். ‘ஏன்டி சொல்லல?’

‘சொன்னா நீங்க வாசிக்கிறத நிறுத்திடுவீங்க.’

‘அதான் ஒண்ணுமே கேக்கலையே. நிறுத்துனா என்ன?’

‘வேலை விட்டு வந்தா நீங்க ஒரு மூலை, நான் ஒரு மூலை. அந்த அரைமணி நேரம்தான் எனக்கு எதிர்ல வந்து உக்காருவீங்க. பக்கம் திருப்புறப்போ என்னைப் பாப்பீங்க.’

நடுத்தெருவில் நின்று அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை, மாப்பிள்ளை. காரணம் எழுதவில்லை, கவனித்தாயா?

காதுக்கருவி ஜூனில் வரும். அதுவரை நான் வாசிக்கவில்லை, நோட்டை அவளிடமே கொடுத்துவிடுகிறேன். பிரபு கதையைப் படித்தாள். நாலாவது பக்கத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதைப் பற்றி அவளே எழுதுவாள்.

நான் மறுபடியும் எழுத ஆரம்பித்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில்தான். பேனா உருளவில்லை. லிப்டில் மாட்டிக்கொண்ட ஒரு புருஷன் பெண்டாட்டியைப் பற்றியது.

இப்படிக்கு,
அத்தான்


ஜூலை 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் அத்தான் நலம். உன் இருமலுக்குச் சுக்கு, மிளகு என்று எதுவும் சொல்லப்போவதில்லை, டாக்டரிடம் போ. காதாக இருந்தாலும் தொண்டையாக இருந்தாலும் ஒளித்து வைத்தால் வளரத்தான் செய்யும்.

முதலில் உன் சங்கு. அந்தக் கடிதத்தைப் பிப்ரவரியிலேயே படித்தேன். அன்றைக்கு அவர் வருவதற்குள் தபாலைப் பிரித்தது நான்தான். என்னைத்தான் குத்திக்காட்டி எழுதியிருக்கிறாய் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம்தான் நீ அவரைத் திட்டியிருக்கிறாய் என்று புரிந்தது. சிரித்தேன். ஆனாலும் இனி அந்தப் பழமொழி நமக்குள் வேண்டாம்.

அடுத்து, மன்னிப்பு கேட்க வேண்டியது நான். பிரபு கதையைப் படித்தேன். கடவுளே, இத்தனை மோசமாகவா எழுதிக்கொண்டிருந்தார். இதற்கா நான் முப்பத்தோரு ‘ம்’ போட்டேன்? அவர் உருப்படாமல் போனதில் பாதிப் பாவம் என்னுடையது. என் ‘ம்’மை நம்பித்தானே உன்னோடு அத்தனை சண்டை போட்டிருக்கிறார்.

கருவி போன மாதம் வந்தது. முதல் வாரம் குழாய்த் தண்ணீர்ச் சத்தத்துக்குக்கூடப் பயந்தேன். நேற்று சாயங்காலம் அவர் புதுக் கதையை எடுத்துக்கொண்டு வந்து, ‘வாசிக்கட்டுமா?’ என்றார். படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கியிருக்கிறார், அதனால் நோட்டு மடியில் இருந்தது, முகம் தெரிந்தது. வாசிக்க ஆரம்பித்தார். அவர் வாசிக்கிற குரல் இப்படியா இருந்தது என்று கொஞ்ச நேரம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கட்டைக் குரலாகிவிட்டது. எனக்குத் தெரியாமல் வயசாகியிருக்கிறது.

லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே புருஷனும் பெண்டாட்டியும். நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் பக்கத்தில், ‘அவள் விழிகளில் துயரக் கடல் பொங்கியது’ என்று வாசித்தார்.

நான் ‘ம்ஹூம்’ என்றேன்.

அவர் நிறுத்திவிட்டார். இதுவரை என் வாயிலிருந்து அவருடைய கதைக்கு அந்தச் சத்தம் வந்ததே இல்லை. ‘என்ன சொன்ன?’ என்று கேட்டார். ‘ம்ஹூம்னு சொன்னேன். அந்த வரி வேணாம்’ என்றேன்.

நீ கற்றுக்கொடுத்தபடியே எழுதுகிறேன், காரணம் எழுதாமல். பேனா மூடியைக் கடித்தார். மூடியை வாயிலிருந்து எடுத்தார். அந்த வரியை அடித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு நாற்காலியை என் வலது பக்கத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, ‘மொதல்லேர்ந்து வாசிக்கிறேன், எங்கெல்லாம் வேணாமோ சொல்லு’ என்றார்.

கதை முடிகிறபோது எண்ணிப் பார்த்தோம். ‘ம்’ நான்கு. ‘ம்ஹூம்’ பதினேழு. பதினேழையும் அடித்துவிட்டார். மிஞ்சியது ஆறரைப் பக்கம். அது நாளைத் தபாலில் வருகிறது. தொகுப்பில் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் முதலாளி பாடு.

உனக்குப் பிடிக்காவிட்டால் எழுதிக்கொண்டிருக்காதே, போன் பண்ணித் திட்டு. நான் எடுக்கிறேன்.

அன்புடன்,
அக்கா